தொட்டுப் பார்க்க ஒரு கணினி

பள்ளிப் பிள்ளைகளின் கையில் கணினி என்பது இன்று எல்லா அரசுகளும் பேசும் பேச்சு. 2025-26ஆம் ஆண்டுக்கான மத்திய நிதிநிலை அறிக்கை, அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்றது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசின் நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று சொல்லி, முதல் கட்டத்துக்கு ரூ.2,000 கோடி ஒதுக்கியது.

இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனால், இந்த இரண்டு அறிவிப்புகளுக்கும் நடுவே ஒரு பிள்ளை நிற்கிறது. அது படிக்கும் பள்ளியில் ஆய்வகம் வைக்க இடமில்லை; கல்லூரிக்குப் போகும் வயதும் இன்னும் வரவில்லை. ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் ஆறாம் வகுப்போ, அரசு விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்போ படிக்கும் பிள்ளை அது. அந்தப் பிள்ளைக்கு எந்தக் கணினி? இந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னப் பலகையில் இருக்கிறது.

பலகையே கணினி: அடையாள அட்டை அளவில் ஒரு மின்சுற்றுப் பலகை. செயலி, நினைவகம், டிவியை இணைக்கும் துளை, விசைப்பலகையைச் சொருகும் துளை எல்லாம் அந்த ஒரே பலகையில் இருக்கும். இதைத்தான் ‘ஒற்றைப் பலகைக் கணினி’ என்கிறார்கள். செல்பேசியில் போடுகிற சின்ன மெமரி கார்டுதான் இதற்கு வன்தட்டு. இயங்குதளமோ யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லாத லினக்ஸ்.

இவற்றில் பெயர்பெற்றது ‘ராஸ்பெரி பை’. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர்களின் எண்ணிக்கையும், அவர்கள் முன்கூட்டியே கற்றுவரும் திறனும் குறைந்துகொண்டே போவதை எபன் அப்டனும் அவரது சகாக்களும் கவனித்தார்கள். 1980களில் வீட்டுக் கணினியோடு விளையாடி நிரல் எழுதக் கற்ற தலைமுறை போய்விட்டது. பின்னால் வந்த பிள்ளைகளின் வீட்டில் இருந்தவையோ திறந்து பார்க்க முடியாத, பெற்றோர் தொடவிடாத விலையுயர்ந்த கணினிகள். எனவே, கெட்டுப்போனாலும் யாரும் அழத் தேவையில்லாத விலையில் ஒரு கணினி வேண்டும் என்று அவர்கள் முடிவுசெய்தார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு அது விற்பனைக்கு வந்தது. முதலில் 10,000 பலகைகளே தயாராகியிருந்தன. இன்றுவரை விற்றவை 6 கோடிக்கும் மேல்.

இதற்கும் எளிய தம்பி ஒன்று உண்டு. 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், வடிவமைப்புக் கல்வி நிறுவனம் ஒன்றில் பிறந்த ‘ஆர்டுயினோ’. இது முழுக் கணினி அல்ல. வேறொரு கணினியில் நிரல் எழுதி இதில் ஏற்றிவிட்டால், அந்த ஒரே வேலையைச் சலிக்காமல் செய்துகொண்டிருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை. இதன் வரைபடம் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டிருப்பதால் யார் வேண்டுமானாலும் இதேபோல் செய்து விற்கலாம். அதனால் இந்தியச் சந்தையில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.

பயமில்லாமல் கற்பது: விலை குறைவு என்பது மட்டும் இதன் ஈர்ப்பு அல்ல. நம் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் 6,029இல் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. கணினிகள் வந்தன, கூடவே பூட்டும் வந்தது. கணினி பழுதானால் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். அதனால் ‘தொடாதே, கெட்டுவிடும்’ என்பதே பல இடங்களில் பிள்ளைகள் கற்கும் முதல் கணினிப் பாடமாக இருக்கிறது.

‘தொடாதே’ என்ற சொல் எல்லாப் பிள்ளைகளின் காதிலும் ஒரேபோல் விழுவதில்லை. மும்பை எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் போட அம்பேத்கரை ஆசிரியர் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டாகிவிடும் என்று சாதி இந்து மாணவர்கள் ஓடிப்போய் அவற்றை அப்புறப்படுத்தினார்கள். அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் இதைப் பதிவுசெய்திருக்கிறார். நூறாண்டுக்கும் முந்தைய நிகழ்வுதான். ஆனாலும் பொதுப் பொருளைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கணம் தயங்கும் பழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாக ஏற்றிவைத்த சமூகம் இது. வீட்டில் கணினி இருக்கும் பிள்ளை தயங்காமல் விசையைத் தட்டும்; இல்லாத பிள்ளை பின்வரிசையில் நின்று பார்க்கும். 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்திய நகர்ப்புறக் குடும்பங்களில் 23.4% பேரிடம் கணினி இருந்தது. கிராமப்புறக் குடும்பங்களில் 4.4% பேரிடம்தான். அந்தப் பின்வரிசையில் யாரெல்லாம் நிற்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சில நூறு ரூபாய்ப் பலகை இந்தத் தயக்கத்தின் மீதுதான் கைவைக்கிறது. கம்பியை மாற்றிச் சொருகினால் விளக்கு எரியாது, அவ்வளவுதான். மெமரி கார்டில் உள்ளது அழிந்துபோனால் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். பலகையே எரிந்துபோனாலும் அந்த இழப்பைப் பள்ளி தாங்கும். தவறு செய்யும் உரிமை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு எப்போதும் இருந்திருக்கிறது. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். 2016இல் பிரிட்டனில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு ‘மைக்ரோபிட்’ என்ற சிறு பலகை இலவசமாக வழங்கப்பட்டபோது, அது பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறவில்லை. பிள்ளைக்கே சொந்தமாகி, வீட்டுக்குப் போனது.

தெருவுக்கு வரும் பாடம்: இதை வைத்து என்ன செய்யலாம்? ராஸ்பெரி பையின் விளிம்பில் 40 சிறு ஊசிகள் இருக்கும். அவற்றில் விளக்கு, மோட்டார், வெப்பமானி, மண் ஈரத்தை அளக்கும் உணரி என்று எதையும் இணைக்கலாம். திரைக்குள் மட்டும் நடந்துகொண்டிருந்த கணினி, வெளியுலகத்தைத் தொடுவது இங்கேதான். ஐந்து வரி நிரலில் ஒரு விளக்கை மினுக்கச் செய்யும் மாணவி, அடுத்த வாரம் மண் காய்ந்தால் ஒலியெழுப்பும் கருவியைச் செய்வாள். (பலகையும் உணரிகளும் 5 வோல்ட் அளவில் இயங்குபவை, பயமில்லை. ஆனால் வீட்டு மின்சாரத்தோடோ பம்புசெட்டோடோ இணைக்கும் வேலையை, விவரம் தெரிந்த மின்பணியாளர் உடன் இல்லாமல் செய்யக் கூடாது.)

நமக்கு நெருக்கமான ஒரு பயன்பாட்டைப் பார்ப்போம். ஊருக்கு இரண்டு மணி நேரம் தண்ணீர் வருகிறது, ஆதிதிராவிடர் குடியிருப்புக்கு அரை மணி நேரம்தான் வருகிறது என்ற புகாரைப் பல ஊர்களில் கேட்கிறோம். ‘அப்படியெல்லாம் இல்லை’ என்பதே வழக்கமாக வரும் பதில். தெருக்குழாயில் தண்ணீர் வருகிறதா இல்லையா என்று அறியும் உணரி ஒன்றை ஒரு சிறு பலகையோடு இணைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியச் செய்தால், ஒரு நாளைக்கு 288 பதிவுகள் கிடைக்கும். ஒரு மாதத்தில் 8,640. ஊர்க் குழாயில் ஒன்று, குடியிருப்புக் குழாயில் ஒன்று என்று இரண்டு பலகைகள் போதும். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் தரும் மனுவோடு அந்தப் பட்டியலை இணைத்தால், ‘அப்படியெல்லாம் இல்லை’ என்று சொல்வது அத்தனை எளிதாக இருக்காது. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட பிறகு, பட்டியல் சாதி மக்களுக்குத் தண்ணீர் என்பது எத்தனை பெரிய கேள்வி என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அத்தகைய கொடுமையை ஒரு பலகை தடுத்துவிடாது. ஆனால் தன் தெருவின் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளும் பழக்கத்தை அது பிள்ளைகளுக்குத் தரும்.

இன்னொரு பயன்பாடு நூலகம். இணைய வசதி சரியில்லாத விடுதியில் ஒரே ஒரு ராஸ்பெரி பையை வைத்து, ‘கிவிக்ஸ்’ என்ற இலவச மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி வைத்தால், அதன் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை விடுதிக்குள் இருக்கும் எந்தச் செல்பேசியிலும் இணையமே இல்லாமல் படிக்கலாம். பாடநூல்களையும் பழைய வினாத்தாள்களையும் இதேபோல் ஏற்றிவைக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நச்சு வாயுவை அறியும் மலிவான உணரிகள் இந்தப் பலகைகளுக்குக் கிடைக்கின்றன. அவற்றை வைத்துக் கழிவுநீர்த் தொட்டிக்குள் ‘பாதுகாப்பாக’ ஆள் இறங்க உதவும் கருவி செய்வதை அறிவியல் கண்காட்சித் திட்டமாக யாரும் பிள்ளைகளிடம் தரக் கூடாது. பயிற்சிக்கான உணரியை நம்பி உயிரைப் பணயம் வைக்க முடியாது. அதைவிட முக்கியமானது, கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. நாம் கேட்க வேண்டியது ஆள் இறங்காமல் வேலையை முடிக்கும் இயந்திரத்தை.

உண்மையான விலை: ‘மலிவு’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 35 டாலர் என்பது பலகையின் விலை மட்டுமே. வரியும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்து இங்கே வந்திறங்கும்போது அது நான்காயிரம் ரூபாயை ஒட்டி நிற்கும். மெமரி கார்டு, மின்னேற்றி, விசைப்பலகை, சுட்டி எல்லாம் சேர்த்தால் ஆறு, ஏழாயிரம் ஆகிவிடும். திரைக்கு ஒரு டிவி வேண்டும்.

அந்த விலையும் நிலையானதல்ல. 2021 தொடங்கி உலகெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தபோது, ராஸ்பெரி பை நிறுவனம் தொழிற்சாலை வாடிக்கையாளர்களுக்கு முன்னுரிமை தந்தது. தனிநபர்கள் கூடுதல் விலை கொடுத்தும் பலகை கிடைக்காமல் அலைந்தார்கள். 2025 டிசம்பரில் புதிய பலகைகள் பலவற்றின் விலை மீண்டும் ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரும் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை வாரிக்கொள்வதால் அவற்றின் விலை கூடிவிட்டதே காரணம். பிள்ளைகளுக்கென்று பிறந்த கணினி சந்தையில் நிற்கும்போது வரிசையில் கடைசியில் நிற்பது பிள்ளைகள்தான். ஆகவே ‘விலை குறைவு, அவரவரே வாங்கிக்கொள்ளட்டும்’ என்று அரசு ஒதுங்க முடியாது. மொத்தமாக வாங்கித் தருவது அரசின் வேலை.

பெருவும் கேரளமும்: மலிவான கருவியை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. 2011 அக்டோபரில் மத்திய அரசு பெரும் ஆரவாரத்தோடு அறிமுகப்படுத்திய ‘ஆகாஷ்’ கைக்கணினி இன்று எந்த மாணவர் கையிலும் இல்லை. தென்னமெரிக்க நாடான பெரு, பள்ளிப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் சிறு மடிக்கணினிகளை வழங்கியது. அங்கே 319 கிராமப் பள்ளிகளில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2012இல் வெளியாயின. கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ பிள்ளைகளின் மதிப்பெண் உயரவில்லை என்று அது காட்டியது. கருவி வந்தது, கற்பிப்பவர் வரவில்லை.

மாறான எடுத்துக்காட்டு நம் பக்கத்திலேயே இருக்கிறது. கேரள அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளை வைத்துத்தான் நீண்டகாலமாகக் கணினி கற்பிக்கிறார்கள். ‘கைட்’ என்ற அரசு நிறுவனம் 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்கள் 2,000க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் இயங்குகின்றன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பள்ளிகளுக்கு ஆர்டுயினோ அடிப்படையிலான கருவிப் பெட்டிகள் என்று படிப்படியாக முன்னேறி, 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் 4.3 லட்சம் பேருக்கும் ரோபாட்டிக்ஸ் கட்டாயப் பாடமானது. இதற்கென வழங்கப்பட்டவை 29,000 பெட்டிகள். ஏறத்தாழ 15 பிள்ளைகளுக்கு ஒன்று. கை நீட்டினால் தானே கிருமிநாசினி தெளிக்கும் கருவியை அந்தப் பாடத்தில் பிள்ளைகளே செய்கிறார்கள். கேரளத்தின் தமிழ்வழிப் பள்ளிகளுக்காக அந்தப் பாடநூல் தமிழிலும் வந்திருக்கிறது. தமிழில் இதையெல்லாம் சொல்லித்தர முடியுமா என்று தயங்குபவர்கள் அதை வாங்கிப் பார்க்கலாம்.

விடுதியிலிருந்து தொடங்கலாம்: தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் 1,100க்கும் மேல் இருக்கின்றன; அவற்றில் எண்ணூறுக்கும் மேற்பட்டவை தொடக்கப் பள்ளிகள். அடல் டிங்கரிங் ஆய்வகமோ ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள மாணவர்களுக்கானது. சமவெளிப் பகுதிப் பள்ளி என்றால் 1,500 சதுர அடி இடம் காட்ட வேண்டும் என்பதும் அதன் விதிகளில் ஒன்றாக இருந்துவந்திருக்கிறது. வகுப்பறைக்கே இடம் தேடும் பள்ளி அந்த வரிசையில் எங்கே நிற்கும்? ஆய்வகம் ஒன்றுக்கு ரூ.20 லட்சம் வரை மானியம் என்பது பெரிய தொகை. ஆனால் அது ஏற்கெனவே இடமும் ஆளும் உள்ள பள்ளிக்கே முதலில் போய்ச் சேரும்.

எனவே, விடுதிகளிலிருந்து தொடங்குவது நல்லது. அரசு மாணவர் விடுதிகள் அனைத்தும் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று அழைக்கப்படும் என 2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அப்போது சொல்லப்பட்ட கணக்கின்படி 2,739 விடுதிகள், 1,79,568 மாணவர்கள். மாலை ஆறு மணிக்கு மேலும் விடுமுறை நாளிலும் பிள்ளைகள் இருக்கும் இடம் விடுதிதான். கருவியைக் கையாள்வதற்கான நேரம் அங்கேதான் கிடைக்கும்.

கணக்கையும் போட்டுவிடலாம். விடுதிக்குப் பத்து ராஸ்பெரி பை தொகுப்புகள், ஒன்று ரூ.7,000 வீதம் ரூ.70,000. இருபது ஆர்டுயினோ வகைப் பயிற்சிப் பெட்டிகள், ஒன்று ரூ.1,000 வீதம் ரூ.20,000. உதிரிப் பொருட்களுக்கு ரூ.10,000. ஆக, விடுதிக்கு ஒரு லட்சம் ரூபாய். 2,739 விடுதிகளுக்கும் சேர்த்து ரூ.27.39 கோடி. மடிக்கணினிக்கான முதல் கட்ட ஒதுக்கீடான ரூ.2,000 கோடியில் இது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. பயிற்றுநர் ஊதியம் இதற்கு மேல் வரும். அதில்தான் கஞ்சத்தனம் கூடாது; பெருவின் பாடம் அதுதான். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான துணைத் திட்ட நிதியை முறையாகத் திட்டமிட்டுச் செலவிடுவதற்கான சட்டம் 2024இல் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் விடுதிகளுக்கான பங்கை அந்த நிதியிலிருந்தே கேட்கலாம்.

விடுதி என்பது நம் வரலாற்றில் உண்டு உறங்கும் இடம் மட்டும் அல்ல. அம்பேத்கர் 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கியபோது, அது கையிலெடுத்த முதல் வேலைகளில் ஒன்று 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. விடுதியிலிருந்துதான் ஒரு தலைமுறை எழும் என்று அவர் கணக்கிட்டார்.

இரண்டு கேள்விகள்: இதைக் கேட்கும்போது நம்மிடையே இரண்டு கேள்விகள் எழும். முதலாவது: ‘கையால் செய்து கற்பது’ என்ற பெயரில் நம் பிள்ளைகளை மறுபடியும் கைத்தொழிலுக்கே அனுப்புகிறார்களா? 1953இல் ராஜாஜி கொண்டுவந்த, மக்கள் ‘குலக்கல்வி’ என்றழைத்து விரட்டிய திட்டத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இப்படிக் கேட்பது நியாயம். அந்தத் திட்டம் பிள்ளையின் பள்ளி நேரத்தைக் குறைத்து அப்பன் தொழிலுக்கு அனுப்பியது. இது பள்ளிப் பாடத்தோடு கூடுதலாக, அப்பனுக்குக் கிடைக்காத ஒன்றைத் தருவது. கையால் செய்பவன் யோசிக்கக் கூடாது, யோசிப்பவன் கையை அழுக்காக்கக் கூடாது என்று பிரித்துவைத்தது சாதி. கம்பியை இணைக்கும் கையே நிரலையும் எழுதும்போது அந்தப் பிரிவினை அடிபடுகிறது.

இரண்டாவது: மலிவானதை நம் தலையில் கட்டிவிட்டு, மடிக்கணினியை மறுத்துவிடுவார்களா? இந்த ஐயமும் நியாயமானதுதான். ராஸ்பெரி பை மடிக்கணினிக்கு மாற்று அல்ல. கல்லூரிக்குப் போகும்போது மடிக்கணினியும் வேண்டும், அதற்கு முன்னால் தொட்டும் பிரித்தும் பழகப் பலகையும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க இடம்தரக் கூடாது.

மாணவர்கள் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. உங்கள் விடுதிக்கும் பள்ளிக்கும் என்னென்ன கணினிகள் வந்தன, எத்தனை இயங்குகின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாரும் கேட்கலாம்; விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்தான். நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் ஆர்டுயினோ வகைப் பலகை வாங்கித் தொடங்கலாம்; நிரல் எழுதப் பள்ளி ஆய்வகத்தின் கணினியே போதும். அதைத் திறந்துவிடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரும் உறுப்பினர்கள். மாலையில் ஒரு மணி நேரம் ஆய்வகம் திறந்திருக்க வேண்டும் என்று அந்தக் குழுவில் அவர்கள் தீர்மானம் கொண்டுவரலாம். பலகை வந்துசேரும் வரை காத்திருக்காமல், இருக்கிற பூட்டைத் திறக்கச் சொல்வதிலிருந்து இந்தப் படிப்பைத் தொடங்கலாம்.